முந்தைய ஓசை

மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவைப் பசையைக் கச்சேரி முடிந்ததும் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். கஞ்சிராவின் உள்தோலில் தடவிய ஈரம் ஒரு தனியாவர்த்தனம் முடிவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. பறையைத் தீயில் காட்டி முறுக்கேற்றினால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் தோல் தளர்ந்து அடுத்த பிடி வைக்கோலுக்குக் காத்திருக்கிறது. மானாமதுரைச் சூளையிலிருந்து ஒரே சுருதியோடு பிறந்து வருகிற கடத்துக்குக்கூட, சற்றே இறக்க வேண்டுமென்றால் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்து பிய்த்து எடுத்துவிடலாம். தவிலில் மூங்கில் வளையமும் தோல்வாரும் இருந்த இடத்துக்கு இரும்பு வளையமும் மரையும் வந்துவிட்டன. ஆனாலும் முடுக்கியதைத் தளர்த்த முடியும். எங்கள் ஊரைச் சுற்றி ஒலிக்கிற வாத்தியங்களில் பெரும்பாலானவை மாற்றத்தை ஒரு வேளைக்கு மட்டும் கடனாக வாங்கிக்கொள்கின்றன. உலோகத் தட்டுக்கு அந்த வசதி இல்லை. அதில் ஒரு துளை போட்டால் போட்டதுதான். விளிம்பில் அரை அங்குலம் வெட்டினால் அந்த அரை அங்குலம் திரும்ப வளராது. டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் பழைய சிம்பல்களை வீட்டிலேயே துளைத்தும் வெட்டியும் தட்டியும் வேறு ஓசைக்குக் கொண்டுவருகிற வேலையில் நானும் பல வருடங்களாகக் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும் டிரில்லிங் மெஷினை எடுக்கும்போதெல்லாம் ஒரு சஞ்சலம் வருகிறது. தட்டு கெட்டுவிடுமோ என்ற பயம் எப்போதோ போய்விட்டது. எதை அழிக்கிறேனோ அதை அழித்த பிறகு எதனோடு ஒத்துப் பார்ப்பது என்பதுதான் உறுத்துகிறது.

இப்போது மாடி அறையில் கயிற்றில் தொங்குவது, கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் மிச்சம். 18 அங்குலக் கிராஷ் சிம்பல். மேல்புறத்தில் எழுத்து எல்லாம் தேய்ந்து கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்துதான் மிச்சம் இருக்கிறது. நடுத்துளை வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ரப்பர் குழாயும் ஃபெல்ட் வாசரும் இல்லாமல் இரும்புக் கம்பியிலேயே மாட்டி, றெக்கை நட்டை இறுக முடுக்கி, வருடக்கணக்கில் அடித்ததன் தழும்பு அது. விளிம்பில் ஒரு விரிசல், சுண்டுவிரல் நகத்தின் நீளம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தை ஓட்டினால் இடறும். விரலால் மெல்லச் சுண்டினால் ஓசை ஒழுங்காகத்தான் எழும்புகிறது. குச்சியால் அடித்தால் விரிசலின் இரு உதடுகளும் ஒன்றையொன்று உரசி, ஓசைக்கு அடியில் ஒரு கரகரப்பு ஓடுகிறது. இதற்கு வழிகள் உண்டு. விரிசல் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டால் அழுத்தம் அந்த வட்டத்தில் பரவி விரிசல் மேலே ஓடாமல் நிற்கும். விரிசல் இருக்கிற துண்டைப் பிறை போல வெட்டி எடுத்துவிடலாம். இல்லையென்றால் சுற்றிலும் ஓர் அங்குலம் கழித்து 16 அங்குலத் தட்டாகச் சிறுக்கடிக்கலாம். லேத் பட்டறைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வெண்கலம்ணே. அறுத்துத் தாரேன், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அறுத்த பெறகு பழையபடி வேணும்னு இங்கிட்டு வந்து நிக்கப்பிடாது" என்றார். அவர் சொன்னது வேலைக்கான நிபந்தனை. எனக்கு அது அன்று முழுவதும் காதில் கிடந்தது.

வெண்கலம் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கிற வெள்ளீயம். நல்ல சிம்பல்களில் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். 1623 இல் இஸ்தான்புல்லில் பட்டறை தொடங்கிய சில்ஜான் குடும்பம் இந்தக் கலவையைச் சுற்றித்தான் தன் ரகசியத்தைக் கட்டிக் காத்தது. நமக்கும் இது புதிதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் வெள்ளீயம் 22 முதல் 25 விழுக்காடு வரை இருப்பதையும், செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பதையும் எழுதியிருக்கிறார். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், நொறுங்கும் தன்மையும் ஏறும். வெண்கலத்தில் நேர்மாறு. முக்கினால்தான் அடி தாங்கும்; மெல்ல ஆறவிட்டால் ஓட்டாஞ்சில்லாகச் சிதறும். இதனால்தான் வீட்டில் சிம்பலைத் திருத்துகிறவன் நெருப்பின் பக்கமே போகக் கூடாது. விரிசலைப் பற்றவைத்து ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும். வெள்ளீயத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போய் மூன்றில் ஒரு பங்கு ஆக்கினால் அது ஆரன்முளைக் கண்ணாடி. முகம் தெரியும், கீழே போட்டால் உடையும். குறைத்துக்கொண்டே வந்தால் மெத்தென்று வளையும், ஓசை மழுங்கும். மீரட் ஜாலி கோட்டியிலிருந்து பேண்டு செட்டுகளுக்கு வருகிற விலை குறைந்த பித்தளைத் தட்டுகளை இரண்டு கையால் மடக்கப் பார்த்திருக்கிறேன். அவை உடைய மறுக்கின்றன. அடித்தால் ஒரு 'டப்'போடு நின்றுவிடுகின்றன. ஓசை வேண்டுமென்றால் உடையும் அபாயத்துக்கு அருகில் போய்த்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

திருக்கோலக்கா கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையால் தாளமிட்டுப் பாடிய குழந்தை சம்பந்தருக்கு உள்ளங்கை சிவந்துபோகிறது. இறைவன் பொற்றாளம் தருகிறான். பொன்னில் ஓசை வராது. அம்பாள் அந்தத் தாளத்துக்கு ஓசை தருகிறாள்; சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கோயிலில் அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. கதையைக் கட்டியவருக்கு உலோகம் தெரிந்திருக்கிறது. பொன் மென்மை, அடியை வாங்கித் தனக்குள்ளேயே அமுக்கிக்கொள்ளும். நான் கவனிப்பது வேறொன்றை. அங்கே ஓசை மேலிருந்து சேர்க்கப்படுகிறது. தாளத்தில் எதுவும் குறையவில்லை, யாரும் அதில் அரம் வைக்கவில்லை. அந்தக் குழந்தை பின்னாளில் மதுரைக்கு வந்து சமணரோடு வாதாடியது வேறு கதை. மதுரையில் ஓசையைத் தேடியவர்கள் சேர்க்கவில்லை, கழித்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்துப் பக்கம் ஒரே கல்லில் 22 சிறு தூண்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே, தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு தொனி. கல்லில் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். ஒரு சிறு தூணின் சுருதி இறங்க வேண்டுமென்று நடுவில் கொஞ்சம் கல்லை எடுக்கிறவன், எடுத்தது அதிகமாகிவிட்டால் என்ன செய்திருப்பான்? பக்கத்துத் தூண்களை எல்லாம் அதற்கேற்ப இறக்கியிருப்பானா? நாம் வியந்து தட்டிப் பார்க்கிற சுருதிகளில் எத்தனை நினைத்து வைத்தவை, எத்தனை கை தவறியதற்குப் பிறகு சரிக்கட்டியவை என்று யாரும் சொல்ல முடியாது. முன்பிருந்த கல் பொடியாகப் போய்விட்டது.

முன்பிருந்த ஓசை எங்கே இருக்கிறது என்றால், காதில் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காதின் மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. சிம்பலின் ஓசை ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. குச்சி பட்ட கணத்தில் ஒரு சொடுக்கு. அதன் பின் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சக்தி அடித் தொனிகளிலிருந்து மேல் தொனிகளுக்கு ஏறி, அந்தப் பளபளப்பு அடிக்குப் பிறகுதான் வளர்கிறது. பின்பு மேலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் அடியில் ஒரு முனகல் மட்டும் நிற்கிறது. நூற்றுக்கணக்கான அதிர்வு வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 1787 இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி தகட்டின் மேல் மணலைத் தூவி, வயலின் வில்லால் ஓரத்தை இழுத்து இந்த வடிவங்களைக் கண்ணுக்குக் காட்டினார். வீட்டில் கோலமாவு இருக்கிறது. தட்டைப் படுக்கையாக மாட்டி, மாவைத் தூவி, ஓரத்தில் வில்லை இழுத்துப் பார்த்தேன். சிம்பல் வளைந்திருப்பதால் பாதி மாவு சரிந்து தரையில் கொட்டிவிடும். கிளாட்னி தட்டையான தகட்டில் பார்த்த முழுப் படம் கிடைக்காது. ஆனால் விளிம்பை ஒட்டி ஆரக்கால்கள் போல வெள்ளைக் கோடுகள் ஒதுங்குகின்றன. வில்லைக் கொஞ்சம் நகர்த்தி இழுத்தால் கோடுகளும் நகர்கின்றன. விரிசல் இருக்கிற இடத்துக்கு வந்ததும் ஒரு கோடு அங்கேயே போய் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. முழுத் தட்டுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஒரு வெட்டு, ஒரு துளை, ஒரு விரிசல் விழுந்ததும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆகிவிடுகிறது. ஒன்றாயிருந்த தொனி, மயிரிழை வித்தியாசத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் சேர்ந்து மெல்ல அலைகின்றன. ஜால்ரா ஜோடியில் இரண்டு தட்டும் சற்றே வேறு சுருதியில் இருந்து அலையும் அந்த இனிமையும் இதே வகைதான். மார்கழி விடியலில் சௌராஷ்டிர பஜனைக் குழு தெரு முனை திரும்புகிறபோது பாட்டுக்கு முன்னால் வந்து சேர்வது அந்த அலைவு.

போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைத்திருக்கிறேன். போன் அந்தப் பளபளப்பில் மேல் பாதியை நறுக்கிவிடுகிறது, அடி முனகலை விழுங்கிவிடுகிறது. கிடைப்பது தட்டின் ஓசை என்பதைவிட அந்த அறையின் ஓசை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு தட்டை மாற்றிய பிறகு அதையே நாலு நாள் வாசித்தால், இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று காது ஒப்புக்கொண்டுவிடுகிறது. பழைய பதிவைக் கேட்டால் அதுதான் ஏதோ குறையுள்ளதாகத் தோன்றுகிறது. மாற்றியது நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியை வழக்கின் ஒரு கட்சிக்காரர் ஏற்கெனவே வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துவிட்டார். சிம்பலைத் திருத்துகிற எல்லோரும் முடிவில் 'முன்னைக்கு இப்ப தேவல' என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இத்தனை பேரில் ஒருவருக்காவது ஓசை மோசமாகியிருக்க வேண்டாமா?

இந்த ஐயத்துக்கு எதிராக நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானங்களும் உண்டு. வெண்கலத்தின் முந்தைய பிறவியை எந்தக் காலத்தில் யார் மதித்தார்கள்? பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருகிற சைக்கிளில் தாத்தா பெயர் வெட்டிய கூஜாவைப் போட்டுவிட்டு ஒரு பொட்டலம் வாங்கித் தின்ற தெருக்கள்தானே இவை. உருக்கு மூசைக்குள் போனால் உருளியும் குத்துவிளக்கும் உடைந்த மணியும் ஒன்றுதான். ஒரு கோயில் மணியின் உள்ளே எத்தனை வீட்டுச் சோற்றுப் பானைகள் இருக்கின்றன என்று எந்த மணியும் சொல்வதில்லை. கன்னார்கள் இதற்காகக் கலங்கியதில்லை. அவர்களுக்கு உலோகம் கைமாறுகிற சரக்கு. இந்தச் சமாதானம் கொஞ்ச நேரம் வேலை செய்கிறது. உருக்குகிறவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறான். பழையதன் தொடர்ச்சி இது என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. நான் செய்வது அப்படி இல்லை. அதே தட்டு, அதே பெயர், அதே தழும்பு, ஆனால் வேறு குரல்.

புளி போட்டுத் துலக்குகிற விஷயத்திலும் இதே தடுமாற்றம். பழைய சிம்பலின் வரிகளில் வியர்வையும் புகையும் தூசியும் ஏறிக் கருத்திருக்கும். அப்படிக் கருத்ததுதான் ஓசையை அடக்கி முதிர்ச்சியாக வைத்திருக்கிறது என்று ஒரு கட்சி. அழுக்கு அழுக்குதான் என்று இன்னொரு கட்சி. இந்தக் கருப்புக்காகப் புதுச் சிம்பலை மாதக்கணக்கில் மண்ணில் புதைத்து எடுக்கிற மேல்நாட்டு டிரம்மர்கள்கூட உண்டு. படையெடுப்புக்குப் பயந்து திருமேனிகளைப் புதைத்து வைத்த நாட்டில் இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. கார்த்திகைக்கு விளக்குத் துலக்குகிற சாக்கில் எங்கள் வீட்டில் ஒரு ஹை-ஹேட் ஜோடியையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டார்கள். தங்கம் மாதிரி மின்னியது. ஓசை கொஞ்சம் கூர்மையாகிவிட்டதாக எனக்குப் பட்டது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததைக் காது நகல் எடுத்திருக்கலாம். அடுத்த கோடைக்குள் அது பழையபடி மங்கிவிட்டது. மங்கியதும் ஓசையும் பழையபடி ஆனதா என்று அடித்துப் பார்த்தேன். ஆனது போலவும் இருந்தது.

கழிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தட்டையான தகடு ஒன்றை, தடிமனை மாற்றாமல் 18 அங்குலத்திலிருந்து 16 அங்குலமாகச் சிறுக்கினால் அதிர்வெண் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக ஏறும். விட்டத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். சிம்பலில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஏனென்றால் அது வளைந்தது, விளிம்பை நோக்கி மெலிந்துகொண்டே போவது. அந்த மெலிந்த விளிம்பைத்தான் வெட்டி எறிகிறோம். மிஞ்சுகிற தட்டின் புது விளிம்பு தடித்தது. அடித்தால் விரிந்து பரவ வேண்டிய இடத்தில் முரண்டு பிடித்து, சேகண்டியின் சாயலில் ஒரு 'ணங்' வருகிறது. சாவு வீட்டில் சங்கோடு சேர்ந்து கேட்கிற ஓசை. அதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டாம்.

துளை போட்டு ரிவெட் மாட்டுவது எனக்குப் பிடித்த வேலை. விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, தட்டுக்கு அடியில் பலகை கொடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெஷினை மிக மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூடு ஏறும். வெண்கலச் சுருள் முதலில் வெளிர் மஞ்சளாக, நூல் போல வரும்; பாதியில் அறுந்து பொடியாகும். துளை விழுந்ததும் இரண்டு பக்கமும் பிசிறை வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும். துளைக்குள் பித்தளை ரிவெட் லொடலொடவென்று ஆட வேண்டும். கஞ்சிராவின் கட்டையில் சலங்கைக் காசு ஆடுகிற மாதிரிதான் கணக்கு. அடித்ததும் ஓசையின் வாலில் ஒரு சீறல் சேர்ந்துகொள்கிறது. தட்டு ஓய்ந்த பிறகும் ரிவெட் கொஞ்ச நேரம் முணுமுணுக்கிறது. வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது என்பதால், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு காந்தத்தைக் கவ்வவிட்டு, அதில் மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டும் கிட்டத்தட்ட இதே சீறலை வரவழைக்கலாம். எடுத்துவிட்டால் தட்டு பழைய தட்டு. அப்படியிருக்க ஏன் துளை போட வேண்டும்? சங்கிலி நன்றாகத்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்கிற எண்ணம் இருக்கும்வரை அந்த ஓசையோடு நான் முழுதாகச் சேர்ந்து வாசிப்பதில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். இது நல்ல பதிலா என்று தெரியவில்லை. திரும்ப முடியாது என்ற நிலைக்கு ஆசைப்படுகிறவன் அதற்காக அஞ்சுவதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஓசை மாறாமல் இருப்பதற்கு இப்போது கோயில்களில் ஒரு மின்சார ஏற்பாடு வந்திருக்கிறது. ஆள் இல்லாமலே மேளமும் மணியும் சேகண்டியும் அடிக்கிற பெட்டி. சுவிட்சைத் தட்டினால் தீபாராதனை முடிகிறவரை ஒரே காலத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரே இடத்தில் அடி விழுகிறது. மனிதக் கை தட்டைச் சுற்றி அலையும். பெட்டிக்கு அலையத் தெரியாது. மேடைப் பக்கம் பார்த்தால் டிரம்ஸ் இருந்த இடத்தில் எலெக்ட்ரானிக் பேடு வந்துவிட்டது. எங்கள் தெருத் தம்பி ஒருவன் அதில் பொத்தானை அழுத்தி அழுத்தி சிம்பல் மாற்றிக் காட்டினான். பிடிக்கவில்லையா, அடுத்தது. முந்தியது வேண்டுமா, இதோ. "இது எந்தத் தட்டுப்பா?" என்று கேட்டேன். "தட்டு எங்கண்ணே இருக்கு, உள்ளயே வருது" என்றான். எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் ஒரு தட்டை அடித்துப் பதிந்த ஓசை அது. அந்தத் தட்டு இந்நேரம் கருத்திருக்கும், விரிசல் விட்டிருக்கும், யாராவது வெட்டிச் சிறுக்கியும் இருக்கலாம். அதன் முந்தைய ஓசை மட்டும் திருமங்கலம் வரை மேடை மேடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஏங்குகிற காரியம் அங்கே கச்சிதமாக நடந்திருக்கிறது. கேட்டால் எனக்கு அதில் எதுவும் ஏறவில்லை.

அதே தம்பிக்கு ஆடி பிறந்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கின்றன. பேடோடு ஒரு நிஜத் தட்டும் பக்கத்தில் வேண்டும் என்று மாடிக்கு வந்தான். ரிவெட் போட்டது, சங்கிலி மாட்டியது எல்லாவற்றையும் அடித்துப் பார்த்துவிட்டு அந்த விரிசல் விட்ட கிராஷில் போய் நின்றான். "இந்தக் கரகரப்பு தெம்மாங்குக்கு நல்லா ஒக்காருதுண்ணே." விரிசல் முனையில் ஒரு துளையாவது போட்டுத் தருகிறேன், இல்லையென்றால் ஓடிவிடும் என்றேன். துளை போட்டால் கரகரப்புப் போய்விடுமா என்று கேட்டான். குறையும் என்றேன். "அப்ப வேணாம். ஓடுனா ஓடட்டும், பெறகு அறுத்துக்கலாம்" என்று தூக்கிக்கொண்டு போனான். இரண்டு ஃபெல்ட் வாசரும் ஒரு ரப்பர் குழாயும் கொடுத்தனுப்பினேன். நட்டை ரொம்ப முடுக்காதே என்று படியில் இறங்குகிறவனிடம் சொன்னது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.